நாணலுக்கு மேலே உள்ள மண்

கராயாப்,
12 நவம்பர் 1996

அன்புத் தம்பி ரோஸ்மத்துக்கு அக்கா அனபிபி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தானும் பிள்ளைகளும் இரண்டு மாடுகளும் சுகம். உனக்கு நெஞ்சுச் சளி விட்டதா, ஒரென்பர்க்கில் பனி எத்தனை முழம், சாப்பாடு வேளைக்குக் கிடைக்கிறதா என்று ஒன்றுவிடாமல் எழுது.

சேதி இதுதான். எனக்கு நிலம் கிடைத்திருக்கிறது. பண்ணைத் தலைவர் பெக்சான் கயிறு பிடித்து அளந்து கொடுத்த அரை எக்டேர். எங்கே என்று சொன்னால் சிரிப்பாய். வடிகால் ஓரத்தில் பருத்திகூட முளைக்க மறுத்து ஆறு வருடமாகத் தரிசு கிடக்கிறதே, அதே துண்டு. காலையில் போய்ப் பார்த்தால் யாரோ மாவு சலித்துவிட்டுப் போன மாதிரி உப்பு பூத்துக் கிடக்கும்.

அதில் காய்கறி போடப்போகிறேன் என்றதும் அலுவலகத்தில் இருந்த ஆண்கள் என்னைப் பார்க்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெக்சான்தான் வாய் திறந்தார். "உப்புலயே தக்காளி போடுறியா அனபிபி? நல்லதுதான். செடியிலேயே ஊறுகாயா காய்ச்சிடும்" என்றார். நான் விடுவேனா? "ஜாடி மட்டும் நீங்க கொண்டாங்க தலைவரே" என்றேன்.

ஒப்பந்தம் இது: அடுத்த அக்டோபரில் அவர் வந்து பார்ப்பார். விளைந்திருந்தால் பத்து வருடத்துக்கு என் பேரில் காகிதம். இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு மீன் குட்டை வெட்டுவார்கள். மூட்டை உரம் ஒரு பிடிகூடப் போடமாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். பதினெட்டு வருடம் பருத்திக் காட்டில் அந்த வெள்ளைக் குருணையை வாளியில் சுமந்து விசிறியவள் நான். நிலம் வருடத்துக்கு ஒரு வாளி கூடக் கேட்டதே தவிர, விளைச்சல் கூடவில்லை. தோண்டிப் பார்த்தால் பேருக்கு ஒரு புழு இல்லை. அந்த மண்ணுக்கு நான் சாப்பாடு போடப்போகிறேன்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. எனக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைப்பது இதுதான் முதல் தடவை. இதை விடமாட்டேன் ரோஸ்மத்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகள் உனக்குச் சலாம் சொல்லச் சொன்னார்கள்.

உன் அக்கா,
அனபிபி


ஒரென்பர்க்,
15 டிசம்பர் 1996

அக்காவுக்குத் தம்பி ரோஸ்மத்தின் சலாம். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகச் சலாம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

எனக்குச் சளி விட்டுவிட்டது. நெஞ்சில் வாத்துக் கொழுப்பைத் தேய்த்து, சூடான பாலில் வெண்ணெய் போட்டுக் குடிக்க வைத்தார்கள். முழங்கால் வரைக்கும் கம்பளிக் காலுறை போட்டிருக்கிறேன். கையால் பின்னியது, கடைச் சரக்கு இல்லை. அடுப்புக் கட்டும் வேலை தொடர்ந்து வருகிறது. குளிர் ஏற ஏற இந்த ஊரில் கொத்தனுக்கு மரியாதையும் ஏறுகிறது.

நிலம் கிடைத்தது சந்தோஷம். ஆனால் அந்தத் துண்டா? பெக்சான் உன்னை வேண்டாமென்று சொல்லவைக்கத்தான் அதைக் கொடுத்திருப்பார். உனக்கு வேண்டாமென்று சொல்லத் தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

என் வீடு எப்படி இருக்கிறது? பனிக்கு முன்னால் கூரைக்கு வைக்கோல் மண் பூசினீர்களா? நானும் அப்பாவும் சேர்ந்து எழுப்பிய சுவர் அது. அதை முடித்துத்தான் அவர் படுத்தார். வசந்தத்தில் நிச்சயம் வந்துவிடுவேன். வந்தால் தலை சாய்க்க இடம் வேண்டுமே.

மாடுகளையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
ரோஸ்மத்


கராயாப்,
28 ஜனவரி 1997

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் மூன்று வாரம் பயணம் செய்து, ஓரத்தில் நனைந்து, ஆனாலும் பிழைத்து வந்து சேர்ந்தது. நீயும் அப்படியே குளிரைத் தாண்டி வந்துவிடு.

காலுறை பின்னியது யார்?

இங்கே உன் அத்தானுக்கும் எனக்கும் சாணிச் சண்டை. சபர்பாய் சாணத்தை வரட்டி தட்டி அடுப்பில் போட வேண்டும் என்கிறார். நான் நிலத்துக்கு வேண்டும் என்கிறேன். "மாடு போடறதெல்லாம் நிலத்துக்குன்னா, குளிருக்கு நான் உன் நிலத்தையா கட்டிப்பிடிச்சுட்டுப் படுக்கிறது?" என்று கேட்டார், பிள்ளைகள் முன்னாலேயே. கடைசியில் ஒரு மாடு அடுப்புக்கு, ஒரு மாடு நிலத்துக்கு என்று பாகம் பிரித்தோம். கொழுத்த மாடு என் பக்கம். அவர் அதை இன்னும் கவனிக்கவில்லை.

சாணம் ஒன்றே போதாது. வாய்க்கால் தூர் வாரிய வண்டல் கரையில் மலை மாதிரி கிடந்தது. எட்டு வண்டி ஏற்றினோம். பள்ளிக்கூடத்து மரங்களின் சருகு, ஆடு தின்னாமல் விட்ட முள்செடி, எல்லாம் குழியில் அடுக்கி, சாணக் கரைசல் ஊற்றி மூடியாயிற்று. குழியின் நடுவில் கை விட்டால் சுடுகிறது. இந்தக் குளிரில்!

எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்பது வண்டி பழைய சுவர் மண் போட்டிருக்கிறேன். நம் ஊரில் அதற்கு மேல் நிலத்துக்கு விருந்து உண்டா? வருடக்கணக்காக வெயிலும் புகையும் குடித்து ஊறிய மண். நம் பெரியவர்கள் வீடு பழையதானால் இடித்து வயலில் போட்டு, வயலை வெட்டிப் புதுவீடு கட்டியவர்கள்தானே. சபர்பாய் கடப்பாரை போட, நான் வண்டி ஓட்டினேன். எங்கே கிடைத்தது என்று கேட்காதே. கிடைத்தது.

கூரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்தக் குளிர்காலத்தில் உன் கூரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அந்தக் கவலையை விட்டுவிடு.

உன் அக்கா,
அனபிபி


ஒரென்பர்க்,
3 மார்ச் 1997

அக்காவுக்குச் சலாம். நான் நலம், நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அத்தானின் பங்கு மாடும் கொழுக்க வேண்டும்.

நாற்பது வண்டி சுவர் மண் என்றால் சின்னச் சுவர் இல்லை. கராயாபில் அப்படி விழுகிற நிலையில் யார் வீடு இருந்தது? யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

நவ்ரோஸ் புத்தாண்டுக்கு வர முடியாது போலிருக்கிறது. புதுக் கட்டடம் ஒன்று ஒப்புக்கொண்டுவிட்டோம். இலையுதிர் காலத்தில் நிச்சயம்.

ஒரு உதவி செய். என் வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. வாசல் பக்கத்திலிருந்து எடுத்தால் நன்றாக இருக்கும். இங்கே ஒருவருக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ரோஸ்மத்


கராயாப்,
6 ஏப்ரல் 1997

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். சின்னவனுக்குப் பல் விழுந்தது. அவ்வளவுதான் இங்கே நடந்த சேதம்.

பிப்ரவரியில் நிலத்தைக் கழுவினோம். அரை எக்டேரையும் இருபது பாத்தியாகக் கட்டி, வாய்க்காலைத் திறந்து, முழங்கால் அளவு தண்ணீர் நிறுத்தினேன். மூன்று தடவை. உப்பு கரைந்து இறங்கி வடிகாலுக்குப் போவதை நாக்கிலேயே சோதித்தேன்: முதல் தண்ணீர் கண்ணீர் மாதிரி கரித்தது, மூன்றாவது தண்ணீரை மாடு குடித்தது. காய்ந்ததும் குழி எருவைப் பரப்பினோம். பாசிப்பயறு விதைத்திருக்கிறேன், பூ வைக்கும்போது வடக்குப் பக்கத்தில் அப்படியே மடக்கி உழுதுவிடுவேன். பயறைத் தின்னாமல் மண்ணில் புதைக்கிறாள் என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும், பல் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். புழு வந்திருக்கிறது. நேற்று மண்வெட்டி போட்ட இடத்தில் இரண்டு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

கிழக்குக் கோடிக்குச் சுவர் மண் போதவில்லை. பண்ணை டிராக்டர் அரை நாள் சும்மா நின்றது. அதைக் கூப்பிட்டு இடிக்காமல் மிச்சமிருந்த ஒரு பக்கச் சுவரைத் தரையோடு வழித்து, பத்து வண்டி கொண்டுபோய்ப் பரப்பிவிட்டேன். மே முதல் வாரம் தக்காளி நாற்று நடவு.

போட்டோக்காரரிடம் பிலிம் ஒன்றுதான் மிச்சம் இருந்ததாம். வாசல் பக்கம் வெளிச்சம் சரியில்லை என்றார். அதனால் கொழுத்த மாட்டை எடுத்து அனுப்பியிருக்கிறேன். நன்றாக விழுந்திருக்கிறது.

இங்கே ஒருவருக்குக் காட்ட வேண்டும் என்றாயே, அந்த ஒருவர் யார்? காலுறைக்கும் பதில் வரவில்லை.

உன் அக்கா,
அனபிபி


ஒரென்பர்க்,
2 மே 1997

அக்காவுக்குச் சலாம். நான் சுகம்.

வீட்டைக் கேட்டேன், மாடு வந்தது. மாட்டை எல்லோரும் பாராட்டினார்கள்.

அக்கா, வீடு நிற்கிறதா?

ரோஸ்மத்


கராயாப்,
29 மே 1997

தம்பி ரோஸ்மத்துக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறாயா? இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதைத் தபாலில் போடாமல் ரயில் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நேரம் இல்லை.

கிழக்குக் கோடி வெளுத்துவிட்டது. தக்காளி நட்ட ஒன்பதாம் நாள் இலை ஓரம் கருகியது. பதினைந்தாம் நாள் நாற்பது வரிசையும் படுத்துவிட்டன. மண்ணை நாக்கில் வைத்தேன், உப்பு. மற்ற எல்லா இடத்திலும் கத்தரியும் மிளகாயும் மஞ்சள் கேரட்டும் ஜம்மென்று நிற்கின்றன. கழுவிய நிலம், ஒரே வாய்க்கால், ஒரே எரு. அங்கே மட்டும் ஏன்?

பெக்சான் வந்து பார்த்தார். இந்தத் தடவை கேலி பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உப்பு ஒரு இடத்துல நிக்காது அனபிபி. பக்கத்து வயலுக்கும் ஏறும். சோளம் விதைக்கிற காலம் முடியறதுக்குள்ள இதைப் பச்சையாக்கிக் காட்டு. இல்லைன்னா அக்டோபர் வரைக்கும் என்னால பொறுக்க முடியாது" என்றார். ஜூன் கடைசி வரைக்கும் தவணை.

நான் அந்தக் கோடிக்கு வேறாகச் செய்தது ஒன்றுதான். கழுவி முடித்த பிறகு அங்கே பத்து வண்டி சுவர் மண் போட்டேன். முதல் நாற்பது வண்டி கழுவுவதற்கு முன்னால் போட்டது. சுவரைப் பற்றித் தெரிந்த கொத்தன் நீ ஒருவன்தான் எனக்கு. அதனால் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று எழுதுகிறேன், நன்றாகப் படி. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நாணல் அடுக்கு ஒன்று ஓடியது, நாலு விரல் கனம், குறுக்கும் நெடுக்குமாக வைத்தது. நடுநடுவே வாயில் வைக்க முடியாமல் கசக்கிற காட்டுச்செடியின் குச்சிகள். முதல் மூன்று பக்கத்தில் நாணலில் கடப்பாரை சிக்குகிறது என்று சபர்பாய் சலித்துக்கொண்டு அதற்கு மேலேயே நிறுத்திவிட்டார். நாலாவது பக்கம்தான் டிராக்டர் வைத்து அடியோடு எடுத்தது.

நாணலை அப்படிக் குறுக்கும் நெடுக்குமாக, கசப்புக் குச்சி சேர்த்து வைக்கிற கொத்தன் நம் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவரோடு சேர்ந்து வைத்தவன் நீ. இதைப் படித்ததும் உனக்குப் புரிந்துவிடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும்.

என்னைத் திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். இதற்குப் பதில் மட்டும் உடனே எழுது.

அனபிபி


ஒரென்பர்க்,
9 ஜூன் 1997

நாணலுக்குக் கீழே இருப்பது உப்பு. தரையின் உப்பு சுவரில் ஏறக் கூடாது என்றுதான் நாணலை வைப்பது. ஏறி வருகிற உப்பு அதற்குக் கீழேயே தங்கி வருடாவருடம் சேரும். நாணலுக்கு மேலே உள்ள மண்தான் உரம். நீ கடைசியாகப் போட்டது அடிச்சுவர்.

வெளுத்த இடத்தில் மண்வெட்டியைப் படுக்க வைத்து இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடு. வடிகாலில் கொட்டாதே, பாதை மேட்டில் கொட்டு. அந்தக் கோடிக்கு நேரே வடிகாலை ஒரு முழம் ஆழப்படுத்து, இல்லாவிட்டால் கழுவுவது வீண். பிறகு சின்னச் சின்னப் பாத்தியாகக் கட்டிக் கழுவு. மூன்று தடவை; ஒரு தண்ணீர் இறங்கிய பிறகுதான் அடுத்தது.

கழுவிய மண்ணை வெயிலுக்குக் காட்டாதே. வெயில் பட்டால் அடியில் போன உப்பு திரும்ப மேலே வரும். மக்கிய எருவைப் போட்டு, அதன்மேல் நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் மூடு. வைக்கோலை விலக்கிச் சோளம் விதை. வெள்ளைச் சோளம். தக்காளி இந்த வருடம் அங்கே வேண்டாம்.

மற்ற மூன்று பக்கத்து அடிச்சுவரைத் தொடாதே.

ரோஸ்மத்


கராயாப்,
22 ஜூலை 1997

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? உன் போன கடிதத்தில் சலாமும் இல்லை, சுகமும் இல்லை. பதினோரு வருடத்தில் நீ எனக்கு அப்படி எழுதியதில்லை. அதை எடுத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போனேன்.

நீ சொன்ன மாதிரியே செய்தோம். சுரண்டியதில் ஆறு வண்டி வந்தது. வடிகாலை வெட்ட சபர்பாய் தன் அண்ணன் தம்பிகளைக் கூட்டிவந்தார். அவர்களுக்கு முட்டை வைத்த கொழுக்கட்டை அவித்துக் கை ஓய்ந்தது. வைக்கோல் மூடியதும் மண் குளிர்ந்தது. ஜூன் இருபத்தெட்டு அன்று பெக்சான் வந்தபோது சோளம் நாலு விரல் உயரம். குனிந்து வைக்கோலை விலக்கிப் பார்த்தார், அதைத் திரும்பச் சரியாக மூடிவிட்டுப் போனார்.

இனி என் பங்கு. உன் வீட்டை இடித்தது நான்தான். நவம்பரில் ஆரம்பித்து ஏப்ரலில் முடித்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. அந்தக் கேட்காதது தப்பு. அதற்கு என்னை மன்னித்துவிடு.

ஆனால் இடித்தது தப்பா என்று கேட்டால், எனக்கு இன்னும் தெரியவில்லை ரோஸ்மத். பதினோரு குளிர்காலம், ஆள் இல்லாத வீட்டின் கூரைக்கு நான் ஏணி வைத்து ஏறி மண் பூசினேன். ஒவ்வொரு நவ்ரோஸுக்கும் கூட்டித் துடைத்துத் தண்ணீர் தெளித்தேன். நீ வரவில்லை. போன இலையுதிர் காலத்தில் மண் குழைத்துக்கொண்டு கூரையில் நின்றபோது, அங்கிருந்து என் நிலம் தெரிந்தது, வெள்ளையாக. இறங்கி வந்துவிட்டேன். அப்பாவின் கை பட்ட சுவர் என்று எனக்கும் தெரியும். முதல் கட்டி விழுந்தபோது சபர்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் திருப்பிக்கொள்ளவில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். திட்டி எழுது, பரவாயில்லை. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அக்கா,
அனபிபி


கராயாப்,
3 செப்டம்பர் 1997

தம்பிக்கு,

ஆறு வாரம் ஆகிறது. சுகமாக இருக்கிறாயா என்று மட்டுமாவது எழுது. தக்காளி பழுத்துத் தள்ளுகிறது, கான்கா சந்தையில் பெண்கள் எங்கள் கேரட்டைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேரமே பேசுகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் உனக்கும் ஒரு தட்டு எடுத்துவிடுகிறேன்.

அக்கா


ஒரென்பர்க்,
28 செப்டம்பர் 1997

அக்காவுக்குத் தம்பியின் சலாம். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் சலாம். நான் சுகமாக இருக்கிறேன். நாங்கள் சுகமாக இருக்கிறோம்.

நாங்கள் என்று எழுதிவிட்டேன், இனி மறைக்க என்ன இருக்கிறது. அவள் பெயர் மின்சிலு. பாஷ்கிர் இனத்துப் பெண். எனக்குத் திருமணமாகி ஆறு வருடம். நாலு வயதில் மகள் இருக்கிறாள், ஐசிலு. காலுறை பின்னியது மின்சிலுதான். போட்டோ கேட்டதும் அவளுக்குக் காட்டத்தான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் வருடம் நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். இரண்டாம் வருடம் முதல் வருடம் சொல்லாததற்கு வெட்கம். பிறகு அது அப்படியே வளர்ந்துவிட்டது. நீ எனக்காகக் கராயாபில் பெண் பார்த்துக்கொண்டிருந்தாய் வேறு.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நீ தாங்கமாட்டாய். கையில் இருந்த கரண்டியை எறிந்தேன். மின்சிலு என்ன என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். வீடு போயிற்று, அப்பா கட்டிய வீடு போயிற்று என்று கத்தினேன். அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அந்த வெளுத்த இடத்துக்கு என்ன பண்ணணும்னு உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். "அப்ப முதல்ல அதை எழுது. கோபம் காத்திருக்கும், நாத்து காத்திருக்காது" என்று காகிதத்தை எடுத்துவந்து முன்னால் வைத்தாள். சலாம் எழுத எனக்குக் கை வரவில்லை. மற்றதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று எழுதவைத்தது. ரயிலடிக்கு எடுத்துப்போய்க் கண்டக்டரிடம் கொடுத்ததும் அவள்தான்.

அதன்பிறகு மூன்று மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அடுப்புக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் உண்மை உறைத்தது. அந்த வீடு நின்றவரைக்கும் நான் ஊருக்கு வரப்போகிறவன். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்று எழுதலாம். மின்சிலுவிடம் எனக்கு அங்கே வீடு இருக்கிறது என்று சொல்லலாம். எதையும் முடிவு செய்யவேண்டாம். நீ இடித்தது என் சாக்குப்போக்கைத்தான் அக்கா. அதற்குத்தான் எனக்கு அவ்வளவு வலித்தது.

நாங்கள் வருகிறோம். பிப்ரவரியில், நிலம் கழுவுகிற நேரத்துக்கு. நிச்சயம் என்ற வார்த்தையை எழுதமாட்டேன், அதை நான் பதினோரு வருடம் தேய்த்துவிட்டேன். டிக்கெட்டைப் பற்றி விசாரித்தாயிற்று. வேலை கிடைத்தால் அங்கேயே இருந்துவிடுவதாகப் பேச்சு. மின்சிலு இங்கே வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டில் அகலத்துக்கு மண் வைத்துக்கொண்டு உருளையும் சதகுப்பையும் போட்டு அதனோடு பேசிக்கொண்டிருப்பாள். உன் குழி எருவைப் பற்றி என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டாள்.

ஒன்றுதான் கேட்க இருக்கிறது. இவர்களை எங்கே தங்கவைப்பேன்?

உன் தம்பி,
ரோஸ்மத்


கராயாப்,
21 அக்டோபர் 1997

அன்புத் தம்பி ரோஸ்மத்துக்கும், நான் இன்னும் முகம் பார்க்காத மின்சிலுவுக்கும், என் மருமகள் ஐசிலுவுக்கும் அக்கா அனபிபியின் ஆசீர்வாதம். மூவரும் சுகமா? இங்கே எல்லோரும் சுகம், சுகத்தைவிடக் கொஞ்சம் கூடவே.

ஆறு வருடமா ரோஸ்மத்? நாலு வயதுப் பிள்ளையை மறைத்தவன், நாலு சுவரை மறைத்தவளிடம் கோபித்துக்கொண்டானாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தந்தூர் அடுப்புக்கு முன்னால் நின்று சிரித்தேன், அழுதேன், ரொட்டி இரண்டு கருகிவிட்டது. சபர்பாய் கருகினதைத் தின்றுகொண்டே "உங்க குடும்பத்துல யாருமே எதையும் நேரா சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டார். நான் அவர் பங்கு மாட்டைப் பற்றி இன்னும் நேராகச் சொல்லவில்லை.

எங்கே தங்கவைப்பேன் என்றா கேட்கிறாய்? என் வீட்டில். விருந்தும் மருந்தும் மூன்று நாள். நாலாம் நாள் காலை உனக்கு மண்வெட்டி. பிப்ரவரி முழுக்க நிலம் கழுவு. மார்ச்சில் குளிர் விட்டதும் உன் வீட்டு வேலையை ஆரம்பி. நீ சொன்னபடி மூன்று பக்கத்து அடிச்சுவரை யாரையும் தொடவிடவில்லை. நாணல் அப்படியே இருக்கிறது, பனி படாமல் வைக்கோல் போட்டு மூடியிருக்கிறேன். கூரை உத்தரங்களும் கதவும் எங்கள் கொட்டகையில். நாலாவது பக்கத்துக்கு நீ நாணல் அறுக்க வேண்டியதுதான்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். பெக்சான் போன வியாழக்கிழமை வந்தார், மாவட்டத்து நில அதிகாரி ஒருவரையும் கூட்டிக்கொண்டு. அதிகாரி கத்தரியைப் பார்க்கவில்லை, மிளகாயைப் பார்க்கவில்லை. கார் பின்னாலிருந்து மண்வெட்டியை எடுத்துக் கிழக்குக் கோடிக்கே நேராகப் போனார். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். சோளம் ஆள் உயரம் நிற்கிறது, அதற்கு நடுவில் குத்திப் புரட்டினார். கட்டி கருப்பாக வந்து அவர் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. அதில் ஒரு புழு சோம்பலாக நெளிந்தது. அவர் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு பெக்சானைப் பார்த்தார். பெக்சானும் வைத்துக்கொண்டார். "உப்பே இல்லை" என்றார், ஏதோ குழம்பைக் குறை சொல்வது போல.

பத்து வருடம் ரோஸ்மத். எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூடவே வடிகாலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு அரை எக்டேரும் எடுத்துக்கொள் என்கிறார்கள். அதுவும் மாவு சலித்த மாதிரிதான் கிடக்கிறது. அதற்கு நாற்பது வண்டி சுவர் மண்ணுக்கு எங்கே போவது? இடிக்க இனி தம்பி வீடு இல்லை. இந்தத் தடவை சாணம், வண்டல், பயறு என்று மூன்று வருடம் நிதானமாகத்தான் செய்யவேண்டும். எனக்கு இன்னும் இரண்டு கை வேண்டும்.

அந்தக் காகிதத்தில் என் பெயருக்குக் கீழே இரண்டாவது வரி ஒன்று இருக்கிறது, கூட நின்று பயிர் செய்கிறவர் பெயருக்கு. பெக்சான் பேனாவைத் திறந்து, "சபர்பாய்னு போட்டுக்கவா, இல்லை உன் தம்பி வர்றான்னு சொன்னியே, அவனையா?" என்று கேட்டார். மூன்று வாரம் பொறுங்கள் என்று காலியாக வைத்திருக்கிறேன். சபர்பாய்க்கு நிலம் என்றாலே நாணலில் சிக்கிய கடப்பாரைதான் ஞாபகம். பதினோரு வருடம் வருகிறேன் வருகிறேன் என்றவன் பெயரை அரசாங்கக் காகிதத்தில் எழுத எனக்குப் பைத்தியமா?

என் வீடு போயிற்றே என்று புருஷன் கத்தும்போது, பார்த்தேயிராத ஒருத்தியின் நாற்றைப் பற்றிக் கேட்டவள் ஒருத்தி இருக்கிறாள். அந்த வரி அவளுக்கு. அவளைக் கேட்டு, சரி என்றால், அவள் அப்பா பெயரையும் சேர்த்து, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி உடனே அனுப்பு. நவம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் வேண்டும் என்பதால், என்னைப் போல நீயும் கண்டக்டர் கையில் கொடு. கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்கே வழி தெரியும்.

பயணத்துக்குக் குழந்தைக்குச் சூடாக உடுத்திவிடுங்கள்.

உங்கள் அக்கா,
அனபிபி